வலது பக்கம் முட்டுது சார்

எங்கள் கேமராக்காரரிடம் நீங்கள் படத்தை நீட்டுவீர்கள். அவர் படத்தைப் பார்க்கமாட்டார். மூலையில் தபால்தலை அளவுக்கு ஒரு மலை வரைந்திருக்குமே, ஹிஸ்டோகிராம், அதைப் பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார். "வலது பக்கம் முட்டுது சார்." அவ்வளவுதான் விமர்சனம். படத்தில் இருப்பது உங்கள் பேத்தியா, பெரிய கோயில் கோபுரமா என்று அவரிடம் பிறகு கேட்டுப் பாருங்கள், தெரியாது.

எட்டு பை வைத்த கோட்டு, வெயிலே இல்லாத இடத்திலும் தொப்பி, அதையெல்லாம் விட்டுவிடலாம். மலைதான் விஷயம்.

ஒருமுறை இவரோடு மதுரை திருமலை நாயக்கர் மகாலுக்குப் போனேன். முற்றத்தில் வெயில் கண்ணைக் குத்துகிறது, தூண்களுக்குப் பின்னால் இருட்டு. நடுவே ஒரு பாட்டி தூணில் சாய்ந்து, முந்தானையால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவர் ஒரு கிளிக். உடனே குனிந்து மலையைப் பார்த்தார். வெளிச்சத்தை மூன்றில் ஒரு ஸ்டாப் குறைத்தார். கிளிக். குனிந்தார். இன்னும் கொஞ்சம் குறைத்தார். பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கிளிக், குனிவு. பாட்டி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஏழாவது கிளிக்குக்குப் பிறகு முகமெல்லாம் பல்லாக என்னைக் கூப்பிட்டார்: "இப்ப பாருங்க, ரெண்டு பக்கமும் முட்டல!" பார்த்தேன். மலை அருமையாக இருந்தது. தூணும் இருந்தது.

இத்தனைக்கும் அது வெறும் தலைக்கணக்கு. இடது ஓரம் 0, கன்னங்கரேல். வலது ஓரம் 255, வெள்ளை வெளேர். எந்தப் படியில் எத்தனை புள்ளிகள் உட்கார்ந்திருக்கின்றன என்று எண்ணிச் சொல்கிறது. ஓரத்துச் சுவரில் போய்க் குவிந்தவை விவரம் இழந்தவை. வெயிலும் நிழலும் மோதுகிற இடத்தில் கூட்டம் இரண்டு பக்கமும் ஒதுங்கி நடுவில் பள்ளம் விழும். மகாலின் மலை அப்படித்தான் இருக்கும். இவருக்குப் பள்ளத்தைக் கண்டால் ஆகாது.

வீட்டுக்கு வந்து, படத்தைத் திருத்தும் லைட்ரூமைத் திறந்து ஜே பொத்தானைத் தட்டுவார். வெளுத்த இடமெல்லாம் சிவப்பு, கறுத்த இடமெல்லாம் நீலம். கொலை நடந்த வீட்டுக்குள் நுழைந்தவர்போல் முகம் மாறும். ஹைலைட்ஸை இடப்பக்கம் கடைசிவரை இழுப்பார், ஷேடோஸை வலப்பக்கம் கடைசிவரை தள்ளுவார். பள்ளம் தூர்ந்துவிடும். மகாலில் மதியம் போய் மேகமூட்டம் வந்துவிடும். "டீட்டெய்ல் வந்துருச்சு பாத்தீங்களா?" வந்தது வாஸ்தவம். தூணுக்குப் பின்னால் இருட்டு மறைத்திருந்த குப்பைத்தொட்டியும் துடைப்பமும் துல்லியமாக வந்திருந்தன.

கேமரா முதுகில் தெரிகிற மலை, சென்சார் பிடித்ததை அப்படியே வைக்கிற ரா ஃபைலின் மலையே இல்லை, கேமரா தனக்குள் போட்டுக்கொள்கிற ஜேபெக்கின் மலை. அதில் முட்டினாலும் ராவில் இன்னும் இடம் இருக்கலாம் என்று ஒருநாள் சொன்னேன். ராவில் பதினாலு பிட், 16,384 படி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவர் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

நியாயமாகப் பார்த்தால் நான்தான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். அப்பாவின் சதாபிஷேகத்துக்கு இவரைத்தான் படம் எடுக்கச் சொன்னேன். மொட்டை மாடி, பத்து மணி வெயில், அப்பா அம்மா தலையில் கலச நீர் கொட்டுகிறது. வெயிலில் மின்னுகிற தண்ணீர் வலது பக்கம் முட்டத்தான் செய்யும். முட்டிவிட்டுப் போகட்டுமே! இவர் இரண்டு ஸ்டாப் குறைத்து எடுத்தார். ஒவ்வொரு துளியையும் காப்பாற்றிவிட்டார். அப்பா முகம் எள்ளுருண்டை. பிறகு வெளிச்சத்தை ஏற்றினார். முகமெல்லாம் கேப்பையைத் தூவியதுபோல் புள்ளி. சதாபிஷேகம் இன்னொரு தடவை வராது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

இவரால் ஒன்றுமே ஆகவில்லை என்றும் சொல்ல முடியாது. தங்கை கல்யாணத்தில் நான் எடுத்த அரக்குப் பட்டு, மடிப்பே தெரியாமல் குங்குமம் அப்பியதுபோல் வந்திருந்தது. மொத்த மலையில் ஒரு குறையும் இல்லை. இவர்தான் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றையும் பிரித்துக் காட்டினார். சிவப்பு மட்டும் தனியாகப் போய் முட்டியிருந்தது. அதைத் தணித்ததும் மடிப்பு மடிப்பாகப் பட்டு வந்தது. கூலியாக இரண்டு தட்டு கேசரி சாப்பிட்டார்.

அப்பா போய் ஒரு வருஷம் கழித்து அவரே போன் செய்தார். "சார், அந்த மாடிப் படத்தோட ரா ஃபைல் இருக்கா? இப்ப புள்ளியை எடுக்க ஏஐ டீநாய்ஸ்னு ஒண்ணு வந்திருக்கு. ஒரு தடவை பாத்துருவோம்." ஞாயிற்றுக்கிழமை வந்தார். அம்மா வைத்த காபி ஆறிப்போகும்வரை ஏதேதோ செய்தார். கேப்பை உதிர்ந்தது. தண்ணீருக்குள் கண்ணை இடுக்கிக்கொண்டு அப்பா சிரிப்பது முதல்முறையாகத் தெரிந்தது. நானும் அம்மாவும் பேசாமல் நின்றோம்.

அவர் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வலது பக்கம் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கு சார்" என்றார்.