வட்டத்துக்குப் பல் வளர்ந்த கதை

அரை நாள் லீவு கேட்க ஆபீஸில் செல்லுபடியாகும் காரணங்கள் சில உண்டு. காதுகுத்து, பத்திரப் பதிவு, பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம், தூரத்துச் சொந்தத்தில் ஒரு சாவு. 'மீனுக்குப் பல் வெட்டணும்' அந்தப் பட்டியலில் இல்லை. அதைச் சொன்னால் மேனேஜர் அரை நாளுக்குப் பதில் ஒரு வாரமே கொடுத்துவிடுவார், என்னை வேறு மாதிரி டாக்டரிடம் காட்டச் சொல்லி. அதனால், "வீட்ல ஒருத்தருக்குப் பல் பிரச்சினை சார்" என்றேன். "அம்மாவுக்கா?" என்றார். "இல்ல சார், எல்லாருக்கும் சின்னவனுக்கு." யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

சின்னவன் பெயர் வட்டம். எங்கள் பகுதியின் வட்டச் செயலாளர் ஒருவர் நினைவாக நான் வைத்த பெயர். அதே வெள்ளை வயிறு, எதிரே வருகிறவர்களை ஒரு கண்ணாலும் தப்பிக்கப் பார்க்கிறவர்களை மறு கண்ணாலும் ஒரே நேரத்தில் பார்க்கும் அதே திறமை. கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் மகளுக்கு கோல்ட்ஃபிஷ் வாங்கப் போனபோது, பச்சை முதுகில் கறுப்புப் புள்ளிகளோடு இவன் கண்ணாடியருகே வந்து அவளை முறைத்தான். அத்தோடு கோல்ட்ஃபிஷ் கதை முடிந்தது. பச்சைப்புள்ளி பஃபர் என்றார் கடைக்காரர். காசிமேட்டில் கேட்டால் பேத்தை என்பார்கள். வலையில் வந்தால் தூக்கிக் கடாசுகிற ஜாதி. எனக்கு வழக்கமாக வஞ்சிரம் போடும் மீன்கார அம்மா, நான் பேத்தை வளர்ப்பதைக் கேள்விப்பட்டு, கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தது. அன்றைக்கு எடை கொஞ்சம் தாராளமாகவே விழுந்தது. பரிதாபம்தான்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. இந்தக் குடும்பத்தின் கியாதி அப்படி. 1774-ல் கேப்டன் குக், பசிபிக் தீவு ஒன்றில் பேத்தையின் ஈரலைக் கொஞ்சமே கொஞ்சம் ருசி பார்த்துவிட்டுக் கைகால் மரத்துப் படுத்தவர், பிழைத்ததே பெரிய விஷயம். குடலைத் தின்ற பன்றி பிழைக்கவில்லை. இன்னொரு பக்கம் படிப்பாளிகளிடம் வட்டத்தின் இனத்துக்கு நல்ல செல்வாக்கு. முதுகெலும்புள்ள உயிரினங்களிலேயே மிகச் சிறிய மரபணுத் தொகுதி கொண்டவற்றில் இதுவும் ஒன்று என்பதால், விஞ்ஞானிகள் அதை முழுக்க வாசித்து 2004-ல் வெளியிட்டுவிட்டார்கள். என் பரம்பரையை அந்த அளவுக்கு யாரும் ஆராய்ந்ததில்லை. கல்யாணத்தின்போது என் மாமனார் முயன்றார், பாதியில் விட்டுவிட்டார்.

பல் விஷயத்துக்கு வருவோம். பேத்தைக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நாலே பல்தான். கிளி மூக்கைப் போல முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். கழிமுகத்தில் இருக்கும்போது நத்தை, நண்டு, மட்டி என்று ஓட்டோடு கடித்து நொறுக்குவதால் வளர்கிற வேகத்துக்குத் தேய்ந்தும்விடும். தொட்டிக்கு வந்த பிறகு நொறுக்க ஒன்றும் கிடைக்காவிட்டால் பல் நீண்டு, வாயைத் திறந்து மூட முடியாமல், சாப்பாடு எதிரே இருக்கப் பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

எங்கள் வீட்டில் நொறுக்க ஒன்றும் கிடைக்காமல் பார்த்துக்கொண்டவள் என் அம்மா. மேலும் கீழும் செட் பல் வைத்திருப்பவள். தனக்குக் கடிக்க வராத எதுவும் இன்னொரு ஜீவனுக்கு வரும் என்று நம்ப மாட்டாள். இறாலை ஓடு உரித்து, நரம்பெடுத்து, கடுகளவுக்கு நறுக்கி, "பாவம், ஓட்டை அரைக்க அது வாயில என்ன அம்மியா இருக்கு?" என்றபடி ஊட்டுவாள். எனக்கு இந்த உபசாரம் ஆறு வயதோடு நின்றுபோனது.

ஒருநாள் வட்டம் இறால் துண்டை நோக்கிப் பாய்ந்தான். துண்டு வாயில் முட்டித் திரும்பி வந்தது. மறுபடி பாய்ந்தான், மறுபடி முட்டியது. உதட்டுக்கு வெளியே மஞ்சளாக இரண்டு பல் நீட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் குடும்பத்தோடு தொட்டியில் முகத்தைப் பதித்துப் பார்க்க, அவன் எங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு மெதுவாகக் கண்ணை மூடினான். மீனினத்தில் அநேகமாக யாராலும் முடியாத காரியம் அது, இவர்களுக்கு முடியும். மகள் அழ ஆரம்பித்தாள்.

மீன் கடைக்காரர், "கொண்டாங்க சார், நெயில் கட்டர் இருக்கு" என்றார். மகளின் அழுகை சுருதி ஏறியது. 1903-லேயே வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கிய ஊர் இது, ஒரு டாக்டர் கிடைக்க மாட்டாரா என்று போனை எடுத்தேன். ஒரு கிளினிக்கில், "கிளி வரைக்கும் பாக்கறோம் சார்" என்றார்கள். இன்னொன்றில், "ரேபிஸ் ஊசி போட்டாச்சா?" என்று கேட்டார்கள். கடைசியில் ஆமை, இகுவானா என்று பார்க்கும் ஓர் இளம்பெண் டாக்டர் சிரிக்காமல் பேசினார். "வலையில பிடிக்காதீங்க. தண்ணிக்கு வெளிய வந்தா காத்தை முழுங்கி உப்பிடும், அப்புறம் காத்து வெளிய போறது கஷ்டம். டம்ளரைத் தொட்டிக்குள்ள விட்டு, தண்ணியோட அள்ளுங்க. தொட்டித் தண்ணி இன்னும் ஒரு கேன் தனியா வேணும்."

தோசை மாவு வாளியில் வட்டமும் தண்ணீர்க் கேனில் அவனுடைய தண்ணீருமாக ஆட்டோ ஏறினோம். வேகத்தடை வரும்போதெல்லாம் மகள், "அங்கிள், மெதுவா!" என்று கத்தினாள். விஷயத்தைக் கேட்ட டிரைவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைத் திருப்பி வாயைத் திறந்து, "இந்தக் கடவாப்பல் தீபாவளிலேர்ந்து ஆடுது சார். பாதி மெட்டல், அதால கடிக்கிறதில்ல" என்றார். மெட்டல் எது, பல் எது என்று நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. எனக்கும் இடப்பக்கம் கீழே ஒரு பல் ரூட் கேனலுக்காகக் காத்திருக்கிறது. காப்பியை வலப்பக்கமாகக் குடிக்கப் பழகிவிட்டதால் அவசரமில்லை.

கிளினிக்கில் ஒரு லாப்ரடார் எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. பாரசீகப் பூனை ஒன்று கண்டுகொண்டது. வாளியின் மூடியிலிருந்து கண்ணை எடுக்காமல் அது உட்கார்ந்திருந்த பக்தியைப் பார்த்து, பூனைக்காரர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். ரிசப்ஷனில் கம்ப்யூட்டர் தகராறு. நாய், பூனை, பறவை, முயல் நான்குதான் அதற்குத் தெரியும். அந்தப் பெண் யோசித்துவிட்டு, "அலகு மாதிரி இருக்கும்னு சொன்னீங்கள்ல சார்? பறவைன்னு போட்டுக்கறேன்" என்றார்.

உள்ளே டாக்டர் ஒரு குப்பியில் கொஞ்சம் தண்ணீரும் சொட்டு எண்ணெயும் விட்டுக் குலுக்கி, வட்டம் இருந்த பாத்திரத்தில் சிறுகச் சிறுக ஊற்றினார். அறை முழுக்க பிரியாணி வாசனை. மயக்க மருந்து கிராம்புத் தைலமாம். நான் அசந்துபோனேன். எங்கள் வீட்டில் பல்வலி என்று வந்தவர்களுக்கெல்லாம் பாட்டி இரண்டே வைத்தியம் சொல்வாள்: உப்புத் தண்ணீரில் கொப்பளி, கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வை. இரண்டையும் ஒழுங்காகச் செய்தவர்கள் எங்கள் வம்சத்தில் கிடையாது. வட்டமோ ஏற்கெனவே உப்புத் தண்ணீர்க்காரன். கிராம்பும் இப்போது ஆயிற்று.

சற்று நேரத்தில் அவன் தள்ளாடினான். பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்தான். டாக்டர் செவுள் அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது நிதானத்துக்கு வந்ததும், ஈரக் கையுறையோடு எடுத்து, உதட்டை விரலால் ஒதுக்கி, நகக்கண் சதை வெட்டும் கத்தரி போன்ற ஒன்றை உள்ளே விட்டார். டக். அரிசிக் குருணை அளவில் ஏதோ தெறித்து மேசையில் விழுந்தது. டக், டக். நான் என் இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பிறகுதான் கவனித்தேன். உடனே அவனைக் கேன் தண்ணீரில் விட்டு, முகத்துக்கு நேரே தண்ணீரைப் பீய்ச்சினார். செவுள் ஒருமுறை அடித்தது, இன்னொரு முறை அடித்தது. கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து, வழக்கம்போல எங்களை முறைத்து, சாப்பாடு எங்கே என்று பாத்திரத்தில் முட்டினான். டாக்டர் பார்வை என் பக்கம் திரும்பியது. வாயை மூடிக்கொண்டேன்.

இனிமேல் நத்தையை ஓட்டோடு போடவேண்டும், இறாலை உரிக்கக் கூடாது என்பது உத்தரவு. வீட்டில் சொன்னதும் அம்மா சீறினாள். "என் கையால சாப்பிட்டுப் பல்லு வளர்ந்திருக்கு. இதுக்குப் போய் டாக்டரா? வளரலைன்னாத்தானேடா கூட்டிட்டுப் போகணும்?" இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ஆனால் கொளத்தூர்க் கடைக்காரர் சனியன் ஒழிந்தால் சரி என்று இனாமாக அள்ளிக் கொடுத்த நத்தைகளை வட்டம் நொறுக்குகிற சத்தம் ஹாலில் கேட்கும்போதெல்லாம், சீரியலின் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்பவள் அவள்தான்.

கம்ப்யூட்டர்தான் இன்னும் மாறவில்லை. உங்கள் செல்லப் பறவை வட்டத்துக்கு அலகு திருத்தும் நாள் நெருங்குகிறது என்று மெசேஜ் வந்திருக்கிறது. இறக்கையும் சேர்த்து வெட்டிக்கொண்டால் தள்ளுபடியாம். வாசித்துக் காட்டினேன். தள்ளுபடி என்றதும் அம்மா எழுந்து தொட்டி அருகே போய்க் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"பக்கத்துத் துடுப்பு லேசா நீளமாத்தான் இருக்கு. கேட்டுத்தான் பாரேன்."