தேடித் தந்த காலம், சலித்துத் தரும் காலம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் மருத்துவக் கல்லூரி நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களுடைய பெரிய சொத்து 'இண்டெக்ஸ் மெடிக்கஸ்' தொகுதிகள். அமெரிக்க ராணுவ மருத்துவர் ஜான் ஷா பில்லிங்ஸ் 1879இல் தொடங்கிய அட்டவணை அது. உலக மருத்துவ இதழ்களில் வெளிவரும் கட்டுரைகளைப் பொருள்வாரியாகவும் ஆசிரியர்வாரியாகவும் மாதந்தோறும் பொடி எழுத்தில் பட்டியலிட்டுத் தரும்.

தீசிஸ் தலைப்போடு பி.ஜி. மாணவர் வருவார். இருவருமாகத் தொகுதிகளை மேசையில் அடுக்கிக்கொண்டு ஆண்டு ஆண்டாகப் பின்னோக்கிப் போவோம். கட்டுரையின் தலைப்பு கிடைத்துவிடும், கட்டுரை கிடைக்காது. அந்த இதழ் எங்களிடம் இல்லாவிட்டால் டெல்லி தேசிய மருத்துவ நூலகத்துக்கு எழுதிப் போட்டு, செராக்ஸ் நகல் தபாலில் வரும்வரை காத்திருப்போம். அப்படி வந்ததை மாணவர் ஒரு வரி விடாமல் படிப்பார்.

1997இல் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் மருத்துவக் கட்டுரைகளைக் கணினியில் தேட உதவும் 'பப்மெட்'டை உலகுக்கே இலவசமாகத் திறந்துவிட்டது. இண்டெக்ஸ் மெடிக்கஸின் அச்சுப் பதிப்பு 2004ஓடு நின்றது. எல்லாம் கணினியில் கிடைக்கும்போது நூலகர் எதற்கு என்ற கேள்வி எழுந்தது. எங்கள் வேலை கடினமானது அப்போதிலிருந்துதான்.

கணினியில் தேடுவது மட்டும் போதாது என்பதற்கு ஒரு சான்று: 2001இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்துமா ஆய்வொன்றில் பங்கேற்ற எல்லன் ரோச் என்ற 24 வயதுப் பெண், ஹெக்ஸாமெத்தோனியம் மருந்தைச் சுவாசித்தபின் நுரையீரல் பழுதாகி இறந்தார். நல்ல உடல்நலத்தோடு தாமாக முன்வந்தவர். அந்த மருந்து நுரையீரலைத் தாக்கக்கூடும் என்று 1950களிலேயே கட்டுரைகள் வந்திருந்தன. ஆனால் ஆய்வாளர் தேடிய பப்மெட்டில் அன்று 1966 முதலான கட்டுரைகளே இருந்தன. பழைய அச்சு இதழ்களில் எச்சரிக்கை இருந்தும் அது உரியவர் கைக்குப் போய்ச் சேரவில்லை.

நம் வார்டுகளுக்கு அடிக்கடி வரும் மஞ்சள் அரளி விதை நஞ்சை எடுத்துக்கொள்வோம். 'எல்லோ ஒலியாண்டர்' என்று மட்டும் தேடினால் போதாது. 'தெவீஷியா', 'கஸ்கபெலா' என்ற தாவரப் பெயர்களையும் சேர்க்க வேண்டும். கிடைத்த முதல் கட்டுரையோடு நிறுத்தவும் கூடாது. நஞ்சை உறிஞ்சும் கரித்தூளான ஆக்டிவேட்டட் சார்கோலைப் பலமுறை கொடுத்தால் இறப்பு குறைகிறது என்று இலங்கை ஆய்வொன்று 2003இல் 'லான்செட்' இதழில் வந்தது. அரளி விதையோ பூச்சிமருந்தோ வேறு நஞ்சோ உட்கொண்ட 4,632 பேரிடம் அதே இலங்கையில் நடந்த பெரிய ஆய்வு, 2008இல் அதே இதழில், அப்படிப் பயன் ஏதும் தெரியவில்லை என்றது. முதலில் கண்ணில் பட்டதோடு நிறுத்துகிற மருத்துவர் பாதி விவரத்தோடு நோயாளியிடம் போவார். இரண்டையும் சேர்த்து அவர் முன் வைப்பது நூலகரின் கடமை.

இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலி தந்த மேற்கோள் பட்டியலோடு மாணவர்கள் வருகிறார்கள். "மேடம், இந்த ஒரு பேப்பர் மட்டும் எங்கயும் கிடைக்க மாட்டேங்குது." ஆசிரியர் பெயர் உண்மை, இதழும் உண்மை. அந்த இதழின் அந்தப் பக்கத்தைத் திறந்தால் வேறு கட்டுரை இருக்கும். அன்று, இருக்கிற கட்டுரை கைக்கு வரவே வாரக்கணக்கானது. இன்று, ஒரு கட்டுரை இல்லவே இல்லை என்று உறுதிசெய்ய ஒரு பிற்பகல் போகிறது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளையும், காசு கொடுத்தால் எதையும் அச்சிடும் இதழ்களையும் சலித்துத் தள்ளும் வேலை தனி.

அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு ஏறக்குறைய 13,000 இதழ்களைத் திறந்துவிடும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025இல் தொடங்கியது. மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். நல்ல காரியம். அவ்வளவு இதழ்களிலும் முறையாகத் தேடக் கற்றுத்தர ஆள் இருந்தால்தான் அந்தப் பணம் நோயாளிக்குப் பயன்படும்.

இளம் மருத்துவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: தேடி முடித்த பிறகு வராதீர்கள், தேடத் தொடங்கும் முன்பே நூலகரிடம் வாருங்கள். என்ன சொற்களைக் கொண்டு, எந்தத் தேதியில், எந்த ஆண்டுவரை பின்னோக்கித் தேடினீர்கள் என்று எழுதி வையுங்கள். கல்லூரி நிர்வாகங்கள், தீசிஸ் தலைப்பை முடிவுசெய்யும் கூட்டத்தில் நூலகருக்கும் ஒரு நாற்காலி போடட்டும்.