நீலப் பென்சில்

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரு புத்தகத்தின் படத்தைப் போட்டேன். பக்கத்தில் பித்தளை டபராவில் காபி. ஜன்னல் வெளிச்சம் அட்டையில் சாய்வாக விழ வேண்டும் என்பதற்காக முக்காலியை இரண்டு முறை நகர்த்தினேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அட்டைமேல் வைத்ததும்தான் படத்துக்கு ஒரு களை வந்தது. (கண்ணாடி இல்லாமல் எனக்கு ஒரு எழுத்து தெரியாது என்பது படத்தில் தெரியாது.) ‘இப்போது வாசிப்பில்’ என்று போட்டு, கீழே ஒரே ஒரு சொல்: அருமை.

பத்து நிமிடத்தில் 17 கட்டைவிரல்கள், ஆறு கும்பிடு, ஒரு பூங்கொத்து. காபி ஆறிப்போயிருந்தது. அதைச் சூடு பண்ணிக் குடித்துவிட்டு, புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

1979-ல், மாயவரத்தில், ‘அருமை’ என்று சொல்லிவிட்டு அவ்வளவு சுலபமாகத் தப்பித்துவிட முடியாது.

பட்டமங்கலத் தெருவில் ஒரு தையல் கடைக்கும் நாட்டு மருந்துக் கடைக்கும் நடுவே இருந்தது அந்த லெண்டிங் லைப்ரரி. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அகலம். பாதிக்கு மேல் பைண்டு பண்ணிய தொடர்கதைகள். வாரப் பத்திரிகைகளிலிருந்து பிரித்து, வரிசையாக அடுக்கி, தடி அட்டை போட்டுத் தைத்தவை. கதையோடு பின்பக்கத்துப் பாதி ஜோக்கும், கூந்தல் தைல விளம்பரமும் கூடவே வரும். கடையை நடத்தியவரை எல்லோரும் அண்ணன் என்போம். எந்நேரமும் மைதாப் பசையும் கையுமாக இருப்பார்.

பல புத்தகங்களில் கதையைவிட ஓரத்தில் எழுதியிருப்பதுதான் சுவாரசியம். பென்சிலில் ஒருவர் ‘டாப்’ என்று எழுதியிருப்பார். அதன் கீழே பேனாவில் ‘அறுவை’. அதற்கும் கீழே இன்னொரு கையெழுத்து, ‘நீ எழுதிக் கிழியேன் பார்ப்போம்’. துப்பறியும் கதை ஒன்றின் முதல் பக்கத்தில் ‘கொலை செய்தது டாக்டர்’ என்று எவனோ எழுதி வைத்திருந்தான். அறுபதாம் பக்கத்தில் வேறொரு கை, ‘பொய், நம்பாதீர்கள்’. கடைசிப் பக்கத்தில் மூன்றாவது கை, அலுப்போடு, ‘டாக்டர்தான்’.

அண்ணனிடம் புகார் சொன்னால் அவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதனைச் சாட்சிக்கு அழைப்பார். 1931-ல் ரங்கநாதன் நூலகத்துக்கென்று வகுத்த ஐந்து விதிகளில், ஓரத்தில் எழுதக் கூடாது என்று ஒரு விதியும் கிடையாதாம். வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது நான்காவது. “கொலகாரன மொதப் பக்கத்துலயே சொல்லிட்டான். இதுக்கு மேல ஒன் நேரத்த எப்படிப்பா மிச்சம் பண்றது?”

இந்தக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் தனி. ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம் என்று அப்போது ஒரு பென்சில் உண்டு; வாத்தியார்களும் குமாஸ்தாக்களும் காதில் செருகியிருப்பார்கள். அதன் நீல முனையால் எழுதுவார். சொந்தக் கருத்து என்று எதுவும் சொல்ல மாட்டார். யாராவது ‘அருமை’ என்று எழுதியிருந்தால் அதன் கீழே ‘எது?’ என்பார். ‘மோசம்’ என்றால் ‘எங்கே?’. ‘கண்ணீர் வந்தது’ என்று ஒரு புண்ணியவதி எழுதியிருந்த இடத்தில், கொஞ்சமும் ஈரமில்லாமல், ‘எந்த வரியில்?’.

நானும் மாட்டினேன். சுஜாதா தொடர் ஒன்றில், ஓர் அத்தியாயம் முடிகிற இடத்தில், ‘அருமை’ என்று எழுதிவிட்டு வந்தேன். இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால், நீலத்தில் ‘எது?’. எனக்கு 14 வயது, மானப் பிரச்சினை. எது என்று எனக்கே தெரியவில்லை. மறுபடி 20 பைசா கொடுத்து எடுத்து வந்து, அந்த அத்தியாயத்தை மூன்று தடவை படித்து, மிச்சமிருந்த வெள்ளை இடத்தில் நாலு வரி எழுதினேன். அடுத்த முறை பார்த்தபோது அதன் பக்கத்தில் ஒரு நீல டிக். கணக்கில் எனக்கு அப்படி ஒரு டிக் விழுந்ததே இல்லை.

வீட்டில் பென்சிலுக்கு வேலையில்லை, எல்லாம் வாய்தான். 1950-லிருந்து 1954 வரை ‘கல்கி’யில் வந்த பொன்னியின் செல்வனை, மணியம் வரைந்த படங்களோடு, பெரியம்மா பைண்டு பண்ணி வைத்திருந்தாள். கல்கி மணல்மேட்டுப் பக்கம் புத்தமங்கலத்துக்காரர் என்பதால் அவரை ஒரு உறவுக்காரர் மாதிரியே பேசுவாள். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதில் அவளுக்கும் எதிர்வீட்டு அத்தைக்கும், தொடர் முடிந்து 25 வருஷம் ஆகியும் சண்டை ஓயவில்லை.

“நந்தினி கையில கத்தி இருந்துச்சு. சரி. குத்துனத நீ பாத்தியா?” என்பாள் பெரியம்மா.

போஸ்ட் ஆபீஸ் மாமா நடுவில் புகுந்து, உடையார்குடிக் கோயில் கல்வெட்டில் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர் பெயராக வெட்டியிருப்பதைச் சொன்னார். சரித்திரம் பேசினால் பெண்கள் அடங்கிவிடுவார்கள் என்று நினைத்திருப்பார் போல.

“கல்ல வெட்டுனவன் மட்டும் கூட நின்னு பாத்தானா?”

மாமா காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஆனால் எங்கள் ஊர் படித்துவிட்டுத்தான் பேசும் என்று நான் சொன்னால், அது அந்த டாக்டரைக் காப்பாற்றிய அறுபதாம் பக்கத்துப் பொய் மாதிரி. மாயவரத்தில் 13 வருஷம் முன்சீபாக இருந்தவர் வேதநாயகம் பிள்ளை; ஊர்ப் பெயரே அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. அவர் எழுதிய பிரதாப முதலியார் சரித்திரம் 1879-ல் வெளிவந்த தமிழின் முதல் நாவல் என்பது ஊரில் வெற்றிலைக் கடைக்காரருக்குக்கூடத் தெரியும். அதைப் படித்தவரை மட்டும் நான் சந்தித்ததில்லை. நாவல் வந்து நூறு வருஷம் என்று பள்ளியில் பேச்சுப் போட்டி வைத்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் அண்ணன் கடைக்கு ஓடினேன். அவர் ஒரு கிழிந்த ‘கல்கண்டு’ பத்திரிகையை ஒட்டிக்கொண்டே மூன்று நிமிடத்தில் கதை சொன்னார்: கதாநாயகி ஞானாம்பாள் ஆண் வேஷம் போட்டு ஒரு நாட்டையே ஆள்கிறாள், போதும், இதை வைத்துக்கொண்டு பேசு.

பேசினேன். ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பெண்ணின் கையில் செங்கோலைக் கொடுத்த பெருமகன் என்று குரலை உயர்த்தினேன். கைதட்டல். முதல் பரிசு, ஒரு பச்சை நிற சோப்பு டப்பா. நடுவராக இருந்த தமிழய்யா “நல்லா உள்வாங்கிப் படிச்சிருக்கான்” என்றார். எதை வைத்து அப்படிச் சொன்னார் என்று அப்போது யோசிக்கவில்லை.

மனசு உறுத்தி அடுத்த வாரம் அந்தப் புத்தகத்தை எடுத்தேன். முதல் பக்கத்தின் மேலே யாரோ ‘அருமை’ என்று எழுதியிருந்தார்கள். கீழே நீலத்தில் ‘எது?’. அதன் பிறகு கடைசிவரை புரட்டினேன். எந்தப் பக்கத்திலும் ஒரு கோடு, ஒரு புள்ளி இல்லை. ஆக நீலப் பென்சிலும் படித்திருக்கவில்லை! அந்த ஆறுதலோடு திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஞானாம்பாளின் செங்கோலை மட்டும் கூடவே எடுத்து வந்து, பெண் பார்க்கப் போன இடத்திலும், ஆபீஸ் மகளிர் தின விழாவிலும், இரண்டு திருமண மேடைகளிலும் உபயோகப்படுத்தியிருக்கிறேன்.

இப்போது நங்கநல்லூர் ஃப்ளாட்டில் என்னிடம் நானூறு புத்தகங்களுக்கு மேல் இருக்கின்றன. சென்னைப் புத்தகக் காட்சி 1977-லேயே தொடங்கிவிட்டது. அந்தச் செய்தி எங்கள் ஊருக்கு வரவில்லை. இன்று அது ஒவ்வொரு ஜனவரியிலும் நந்தனத்திலிருந்து கைப்பை கைப்பையாக வீடு தேடி வருகிறது. வாங்கியதும் அடுக்கிப் படம் எடுப்போம். அடுக்கின் உயரம்தான் எங்கள் விமர்சனம்.

கிண்டிலில் ஒரு வரியின் கீழே மெல்லிய புள்ளிக்கோடு தெரிகிறது. இத்தனை பேர் இந்த வரியை அடிக்கோடிட்டார்கள் என்று கணக்கும் சொல்கிறது. ஏன் என்றுதான் ஒருவரும் எழுதவில்லை. நானும் அங்கே ஒரு கோடு போட்டுக் கணக்கில் ஒன்றைக் கூட்டிவிட்டு நகர்கிறேன். 2022-ல் பொன்னியின் செல்வன் படம் வந்தபோது எதிர்வீட்டு அத்தையின் பேத்தி குழுவில் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். உடனே ஒருவர், ஸ்பாய்லர் வேண்டாமே ப்ளீஸ் என்றார். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கொலை. கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள்.

குழுவில் ஒரு விதி உண்டு: அறிமுகம் போதும், விமர்சனம் வேண்டாம். காரணம் இருக்கிறது. போன வருஷம் புதிதாகச் சேர்ந்த ஒருவர் ஒரு நாவலை, முதல் நூறு பக்கம் அறுவை என்று எழுதிவிட்டார். எழுதியவர் குழுவிலேயே இருந்தார், பதிப்பாளரும் இருந்தார், அட்டைப்படம் வரைந்தவரும், எழுதியவரின் சம்பந்தியும் இருந்தார்கள். அதிலிருந்து எல்லாமே அருமைதான். ஜெயமோகனின் வெண்முரசு 26 நாவல்களையும் வாசிப்பதாக ஒரு நண்பர் நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எத்தனையாவதில் இருக்கிறீர்கள் என்று கேட்கிற அளவுக்கு நாகரிகமில்லாதவர்கள் நாங்கள் யாரும் இல்லை.

இந்த நிலையில்தான் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு, நான் போட்ட படத்தின் கீழே ஒரு கேள்வி வந்து விழுந்தது. முகப்பில் படம் இல்லாத, பெயருக்குப் பதில் ஒரு புள்ளி மட்டும் வைத்திருக்கிற ஒரு எண். 17 கட்டைவிரல்களையும் தாண்டி வந்து கேட்டிருந்தது:

‘எது சார்?’

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்தேன். நந்தனத்தில் வாங்கிய ரசீது முப்பத்தெட்டாம் பக்கத்தில் அடையாளமாக இருந்தது. பிரதாப முதலியார் அங்கே இன்னும் சின்னப் பையன். ஞானாம்பாள் ஆண் வேஷம் போட எத்தனையோ அத்தியாயம் பாக்கி.

‘பெண்ணின் கையில் செங்கோல்’ என்று ஆரம்பித்து அழித்தேன். ‘முழுவதுமே’ என்று எழுதி, அதையும் அழித்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முப்பத்தொன்பதாம் பக்கத்தைத் திருப்பினேன். ஒரு கை புத்தகத்தில், ஒரு கை போனில். நான் தட்டச்சு செய்துகொண்டிருப்பதாக மறுமுனையில் அந்தப் புள்ளிக்கு ஒன்பதரையிலிருந்து விட்டுவிட்டுத் தெரிந்துகொண்டிருக்கும். மணி இப்போது பதினொன்றே கால்.