கருத்துரிமைக் காவலர்

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நலச்சங்கமும், அச்சங்கத்துக்கென ஒரு வாட்ஸ்அப் குழுவும் தோன்றிய நாள்தொட்டு, தமிழக நகரங்களில் ஒரு புதிய மனித வகை காணப்படுகிறது. மக்கள் வழக்கில் ‘அட்மின்’ எனப்படும் இவர், எவரையும் குழுவில் சேர்க்கவும் நீக்கவும், எவர் இட்ட பதிவையும் எல்லாருடைய திரையிலிருந்தும் அழிக்கவும் வல்லவர். பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவராகவே இருக்கும் இவர், பணிக்காலத்தில் ஒப்பமிட்ட கோப்புகளைவிடக் குறிப்பெழுதித் திருப்பியனுப்பிய கோப்புகளே மிகுதி என்பதை அறிந்தோர், அக்கைப்பழக்கம் எங்கே போய்த் தங்கியிருக்கிறது என்பதையும் அறிவர்.

இவரது கருத்துரிமைப் பற்றை ஐயுறுவதற்கில்லை. நெருக்கடிநிலைக் காலத்தில் செய்தித்தாள்கள் தணிக்கைக்கு ஆட்பட்டதை ஆண்டுதோறும் ஜூன் 25 அன்று தவறாது நினைவூட்டுவார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை, அதாவது பிறருக்கு எரிச்சலூட்டும் செய்தியை அனுப்புவதையும் தண்டனைக்குரியதாக்கிய பிரிவை, ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று செல்லாததாக்கியதை அவர் வாயாரப் புகழ்வார். ஒருவருக்கு எரிச்சல் தருவது மற்றவருக்குத் தராது என்பதால் இத்தகைய தெளிவற்ற சொல்லைக் கொண்டு எவரையும் தண்டிக்கலாகாது என்ற அத்தீர்ப்பின் கருத்தை அவர் விளக்கும் அழகே தனி. செத்த பிரிவின்கீழ் வழக்குகள் தொடர்ந்ததால் 2022இல் அந்நீதிமன்றமே மீண்டும் ஆணையிட நேர்ந்தது என்றாலும், அப்பிரிவு இன்றளவும் ஊட்டமுடன் வாழுமிடம் இவரது குழுவே ஆகும்.

பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த அரசியலமைப்பின் 19(2) கூறு எட்டுக் காரணங்களையே அனுமதிக்கிறது. நாட்டின் இறையாண்மை, பொது ஒழுங்கு, நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு முதலியன அவற்றுள் அடங்கும். இவர் ஒன்பதாவதாகக் ‘குழுவின் மாண்பு’ என்பதைச் சேர்த்துக்கொண்டமையால் முதல் எட்டுக்கும் வேலையில்லாமற் போயிற்று. குழுவில் அரசியல் கூடாது என்பது விதி. அரசியல் யாது என்பதற்கு எழுதப்பட்ட வரையறை இல்லையெனினும், நடைமுறையிலிருந்து அதனை ஒருவாறு உய்த்துணரலாம்: அவர் ஆதரிக்கும் தலைவரின் பிறந்தநாள் வாழ்த்து பண்பாடு, மறுதரப்புத் தலைவரின் பிறந்தநாள் வாழ்த்து அரசியல், தண்ணீர் லாரிக் கணக்கைக் கேட்பதோ அப்பட்டமான அரசியல்.

பதிவை ஏன் அழித்தீர் என்று கேட்டால், நாளை போலீஸ் வந்தால் அட்மினைத்தானே கேட்பார்கள் என்பார். உறுப்பினர் ஒருவரின் பதிவுக்காக, அட்மின் என்ற ஒரே காரணத்தால் ஒருவரைக் குற்றத்துக்குப் பொறுப்பாக்க இயலாது எனக் கேரள உயர் நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்துள்ளது. அச்செய்தியை இரண்டாம் தளத்துக்காரர் குழுவில் பகிர்ந்தபோது அதுவும் அழிக்கப்பட்டது. அவர் விடாது 19ஆம் கூறைச் சுட்டவே, அக்கூறு அரசைக் கட்டுப்படுத்துவதன்றித் தனியார் குழுவை அன்று என்று அட்மின் விடையிறுத்தார். சட்டப்படி இது பெரும்பாலும் சரியே என்பதால் வாதம் அத்துடன் முடிந்தது. வாதிட்டவரின் உறுப்பினர் நிலையும் முடிந்தது. தன் தரப்பைக் கூற வாய்ப்பளித்த பின்னரே ஒருவரைத் தண்டிக்க வேண்டும் என்னும் இயற்கை நீதிக்கோட்பாட்டை, அவர் நீக்கப்பட்டபின் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரித்ததன் வாயிலாக அட்மின் நிறைவேற்றினார் எனக் கொள்ளலாம். எஞ்சியோர் அமைதி காக்கும்பொருட்டு, அட்மின் மட்டுமே பதிவிடலாம் என்ற அமைப்பும் அன்றே நடைமுறைக்கு வந்தது.

அவ்வாரத்திலேயே ஃபேஸ்புக்கில் அட்மின் எழுதிய பதிவொன்று, சமூக விதிகளுக்கு, அதாவது அத்தளம் தானே வகுத்துக்கொண்ட ஒழுங்குகளுக்கு, மாறானது எனக் காரணம் விளக்கப்படாமல் நீக்கப்பட்டது. தனியார் நிறுவனமொன்று குடிமகனின் 19ஆம் கூற்று உரிமையைப் பறிப்பதா எனக் கொதித்து, நான்கு திரை நீளும் கண்டன அறிக்கையொன்றை இரவோடிரவாகக் குழுவில் இட்டு, கருத்துரிமையில் நம்பிக்கையுள்ள ஒவ்வொருவரும் தத்தம் கருத்தைத் தயங்காது பதிவு செய்யுமாறு வேண்டினார். விடியும்வரை ஒரு பதிலும் வரவில்லை. மக்கள் எவ்வளவு கோழைகளாகிவிட்டனர் என்று காலை நடைப்பயிற்சியில் அவர் வருந்தியதைக் காவலாளி ஒருவரே கேட்டார். அவர் குழுவில் இல்லாதவர்.