இருபத்திரண்டு லாச்சி பாஸ்

முந்தல் களப்போரம் இறால் பண்ணை இருக்கும்வரை மோட்டர் பாஸ்மாருக்கு நித்திரை இல்லை. பகலில் ஒட்சிசன் விடும் பாசியே இரவில் அதை உறிஞ்சிக்கொள்ளும். விடியப்போகும் நேரத்தில்தான் தண்ணீரில் அது ஆகக் குறைவு. தண்ணீருக்குக் காற்றுக் கொடுக்கும் எயரேட்டரும் அந்த நேரம் பார்த்துத்தான் நிற்கும். ஆகவே சாமான் ஏற்றிய வாகனமொன்று வாசலில் தயாராக நிற்க வேண்டும். இதை யாரும் மறுக்கவில்லை. அந்த அவசியம் பாஸின் தலைக்கு ஏறிய பிறகு நடப்பதுதான் கூத்து.

முதலில் பழைய டிமோ பட்டா லொறி ஒன்றை வாங்குவார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபின் பழசெல்லாம் புதுசு விலைக்குப் போனது. அவ்வளவு கொடுத்த மனுசன் மரப்பெட்டியும் படங்குமாக ஓடுவாரா? பொடி கட்ட வேண்டும்!

அன்றிலிருந்து அவர் பேச்செல்லாம் லாச்சிதான். தேத்தண்ணிக் கடை மேசையில் விரலை நனைத்துப் படம் கீறுவார். செத்த வீட்டுக்குப் போனாலும் அலுமாரியைச் சாண் போட்டு அளப்பார். பெயாரிங்குக்கு ஒரு லாச்சி, ஓயில் சீலுக்கு ஒன்று, தேத்தண்ணிப் போத்தலுக்கு ஒன்று, வீட்டுக்காரி மீன் வாங்கச் சொன்னால் அதற்கும் ஒன்று. எண்ணிப் பார்த்தால் இருபத்திரண்டு.

"தம்பி, அலுமினியத்தில போடுங்க. உப்புக் காத்து" என்பார் வெல்டிங் நானா.

"அமத்தினா நெளியும் நானா. இரும்புதான் இரும்பு."

நாலடிக்கு எட்டடி, 2 மில்லிமீற்றர் இரும்புத் தகடு ஏறக்குறைய 47 கிலோ. அதே அலுமினியம் 16 கிலோதான். பட்டா சுமப்பதோ 750 கிலோ. பத்துத் தகடும் சட்டமும் ஏறியதும் கணக்கு முடிந்துவிடும். சாமான் வைக்க இடம் தாராளம். ஏற்றத்தான் பாரம் மிச்சமில்லை. கடைசியில் நானாவின் வாயை அடைக்கக் கதவை மட்டும் அலுமினியத்தில் போடச் சம்மதிப்பார். இரும்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அலுமினியம் அரித்துப் போகும் என்று நானா இடையில் றப்பர் வைப்பார். வடிவைக் கெடுக்கிறதென்று பாஸ் அதைப் பிடுங்குவார். ஒரு மாரி போனால் கதவோரம் வெள்ளைப் பொடி உதிரும். "தகடு சரியில்லை" என்பார்.

எயரேட்டர் கியர்பொக்ஸை வைக்கும் இடம் இன்னும் விசேஷம். கைக்கு எட்டவேண்டுமென்று பின் அச்சுக்கும் பின்னால் வைப்பார். முன் சில்லில் பாரம் இறங்காது. புத்தளம் வீதியில் ஸ்டியரிங் காற்றாடி மாதிரிச் சுற்றும். அதையும் "பவர் ஸ்டியரிங்" என்று பெருமையாகச் சொல்வதுதான் பாஸின் சிறப்பு.

விடியச்சாமம் மூன்று மணிக்குப் பண்ணையிலிருந்து அழைப்பு வரும். எயரேட்டர் மோட்டர் உறுமுகிறது, சக்கரம் சுற்றவில்லை. ஒரு பேஸ் இல்லையென்று பாஸுக்குக் கேட்டதுமே தெரியும். அதில் அவர் கெட்டிக்காரர், குறை சொல்ல முடியாது. டெஸ்டர்தான் வேண்டும். ஏழாம் லாச்சியைத் திறப்பார், தேத்தண்ணிப் போத்தல். பதினொன்றில் மீன் வாடை. பத்தொன்பது கறள் பிடித்து இறுகிக் கிடக்கும். பண்ணைக்காரர் தலையில் கைவைத்து நிற்க, உதவிக்கு வந்த பையன் காற்சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து நீட்டுவான். ஃபியூஸ் மாற்றியதும் சக்கரம் சுற்றும்.

மறுநாள் பட்டறையில் பையனை நிறுத்தி, அவன் காற்சட்டைப் பைக்கு நாடா பிடித்துக்கொண்டிருப்பார் பாஸ்.

"நானா, சரியா இந்த அளவில ஒண்டு."