பல்லைப் பிடுங்கிய பாடத்திட்டம்

பெறுநர்: நீட் பாடத்திட்டம் வகுக்கும் பெரியோர்கள், புதுடெல்லி.

பொருள்: இயற்பியல் தெரியாத வருங்காலப் பல் டாக்டரின் பாராட்டு – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

பி.டி.எஸ். சேர ஆசைப்படும் பிளஸ் டூ மாணவன் நான். இயற்பியலில் எனக்கு அஸ்திவாரமே கிடையாது.

பிளஸ் ஒன் பாடத்தைத் தள்ளிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூவையே உருப்போட வைப்பது எங்கள் பக்கத்துத் தனியார் பள்ளிகளின் பழைய வைத்தியம். அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் அது போயிற்று. போன கையோடு எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகம் பீரோவுக்குள் போய்விட்டது. உங்கள் தேர்விலோ ஏறக்குறைய பாதிக் கேள்விகள் அந்த பீரோவுக்குள்தான் இருக்கின்றன.

ஆகவே கோச்சிங். சார் போர்டில் ஒரு சாய்தளம் வரைந்தார். உச்சியிலிருந்து ஒரு திண்மக் கோளத்தையும் உள்ளீடற்ற உருளையையும் ஒன்றாக உருட்டிவிட்டால் எது முதலில் கீழே வரும்? கோளம். ஏன் என்று கேட்டேன். "ஏன்னு பார்த்துக்கிட்டிருந்தா போர்ஷன் முடியாதுப்பா. டூ பை ஃபைவ் எம் ஆர் ஸ்கொயர், மனப்பாடம் பண்ணு" என்றார். பண்ணிவிட்டேன். எங்கள் ஊர் பல் டாக்டர் இத்தனை வருடத்தில் சாய்த்தது நாற்காலியை மட்டும்தான் என்றாலும், நாளைக்கு நோயாளி உருண்டு விழுந்தால் எந்த வேகத்தில் விழுவார் என்று நான் சொல்லிவிடுவேன்.

இயற்பியலுக்கு 45 கேள்வி, 180 மதிப்பெண். தப்பாகத் தொட்டால் ஒரு மதிப்பெண் போகும். தொடாமல் விட்டால் சேதமில்லை. தெரியாதவன் அடக்கமாக ஒதுங்கிக்கொள்ளவும் இப்படி வழி செய்து வைத்திருக்கிறீர்களே!

எனக்கு இருந்த ஒரே பலம் உயிரியல். அதிலும் எங்கள் மாநிலப் புத்தகத்தின் 'செரித்தல் மற்றும் உட்கிரகித்தல்' பாடம். வெட்டும் பல், கோரைப் பல், முன்கடைவாய்ப் பல், பின்கடைவாய்ப் பல், பாதித் தாடைக்கு 2123 என்ற சூத்திரம், மொத்தம் 32. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நீங்கள்தான் கேட்க மாட்டீர்கள். 2024 தேர்வுக்கான பாடத்திட்டத்தில் செரிமானப் பாடத்தையே எடுத்துவிட்டீர்கள். பல் டாக்டரைத் தேர்ந்தெடுக்கும் தேர்விலிருந்து, மரத்துப்போக ஓர் ஊசிகூடப் போடாமல், பல்லைப் பிடுங்கிவிட்டீர்கள். எந்த டாக்டருக்கு வரும் இந்தக் கைத்திறன்!

கைத்திறன் என்றதும் நினைவு வருகிறது. கனடாவில் பல் மருத்துவ நுழைவுத் தேர்வில் சில ஆண்டுகளுக்கு முன்புவரை சோப்புக் கட்டியைச் செதுக்கச் சொல்வார்களாம். பாவம், சாய்தளத்தின் அருமை தெரியாதவர்கள். இங்கே சேர்ந்த பிறகுதான், முதலாண்டில், மெழுகில் பல் செதுக்க வேண்டும். கை நடுங்குகிறதா என்பது அதற்குள் கட்டணம் கட்டியவரின் பிரச்சினை.

தகுதியில் நீங்கள் காட்டும் கறாரும் அறிவேன். 2020-21இல் நாடு முழுக்கச் சுமார் 7,000 பி.டி.எஸ். இடங்கள் காலியாகக் கிடந்தன. உச்ச நீதிமன்றம் சொல்லி, தகுதி வரம்பு பத்துப் பர்சென்டைல் இறங்கியது. அன்றைக்கு யாருடைய இயற்பியலும் முன்னேறிவிடவில்லை.

கடைசியாக ஒரு விண்ணப்பம். 180 கேள்வியில் ஒன்றே ஒன்றைப் பல்லைப் பற்றிக் கேளுங்கள். நெகட்டிவ் மார்க் வைத்தே கேளுங்கள்.

இப்படிக்கு,
சாய்தளத்தின் அடியில் நிற்கும் மாணவன்