மரம் வச்சாச்சு தம்பி, சாடி எங்க?

வாப்பா தம்பி, திண்ணையில உக்காரு. வேலையை விட்டுட்டு வந்து சிறுமலை அடிவாரத்துல உணவுக்காடு போட்டிருக்கியாம், ஊரே பேசுது. மேல தென்னை, அதுக்குக் கீழ மா, பலா, புளி, இன்னும் கீழ எலுமிச்சை, கறிவேப்பிலை, மரத்துக்கு மரம் மிளகுக்கொடி, தரையில மஞ்சள், இஞ்சி. ஏழு அடுக்குன்னு பேரன் போன்ல காட்டுனான். இங்கிலாந்துல ராபர்ட் ஹார்ட்னு ஒரு மனுசன் 1960கள்ல ஆரம்பிச்ச கணக்காம். அவருக்கே கேரளத்து வீட்டுத் தோட்டந்தான் முன்மாதிரின்னு சொல்றாங்க. நம்ம நத்தம் ரோட்டுல திரும்பி 18 கொண்டை ஊசி வளைவு ஏறுனா, பலா நிழல்ல காப்பி, மரத்துல மிளகு, ஊடால வாழைன்னு பாட்டன் காலத்துலேர்ந்து நிக்குது. அதப் பாக்க நீ லண்டன் வழியா வந்திருக்க. போகட்டும், வந்து சேந்தியே.

மரம் ஏழு அடுக்கு சரி. வீட்டுல சாடி எத்தன அடுக்கு?

முழிக்காத. மாசி, பங்குனியில புளி உதிரும். மூச்சு விடுறதுக்குள்ள மாங்கா, அது முடியுமுன்ன பலா. முதப் பழத்தை அறுத்தா தெருவே கூடும். ரெண்டாவது பழத்துக்கு அடுத்த தெரு வரும். மூணாவதத் தூக்கிட்டுப் போ, கதவச் சாத்திக்கிருவாங்க. ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகலாம்னு பாக்குறியா? உனக்குக் காய்க்கிற அன்னிக்குத்தான் அங்க அத்தன பேருக்கும் காய்ச்சிருக்கும். விலை விழுந்தா தக்காளிய ரோட்டுல கொட்டிட்டுப் போறாங்களே, அவங்கல்லாம் உன்னவிடத் தேர்ந்த சம்சாரிங்க தம்பி.

புளியச் சொல்றேன், கேட்டுக்க. உலுக்குறது பெரிய வித்தையில்ல, குரங்கே செய்யும். பெறகுதான் வேலை. ஓட்டத் தட்டணும், நாரை உருவணும், அரிவாமணையில கீறிக் கொட்டைய எடுக்கணும். கையெல்லாம் பிசுபிசுக்கும், நகக்கண்ணு எரியும், அந்த நேரம் பாத்துத்தான் போன் அடிக்கும். கொட்டை எடுத்தத நல்ல வெயில்ல காய வச்சு, மண்பானையில ஒரு வரிசை புளி, மேல ஒரு கை கல்லுப்பு, கையால அமுக்கு, மறுபடி ஒரு வரிசை. காத்து நுழைய இடம் இருக்கக் கூடாது. அலுமினியப் பாத்திரத்துல போட்டு வச்சிராத, புளிப்பு பாத்திரத்தையே தின்னுரும். வருசம் திரும்புனா புளி கறுக்கும். கெட்டுப்போச்சுன்னு வீசிறப் போற! அந்தக் கறுப்புதான் பழம்புளி. அதுல கூட்டி வச்ச குழம்பு மறுநாள்தான் இன்னும் ருசிக்கும்.

மோர் மிளகாய் அத விடப் பொறுமை கேக்கும். மிளகாயக் கீறி உப்புப் போட்ட புளிச்ச மோர்ல ராத்திரி ஊறவை. காலையில மோரை வடிச்சு, மிளகாய மட்டும் மாடியில காயப்போடு. சாயந்தரம் அதே மோருக்குள்ள திரும்பப் போடு. மோர் பூராவும் மிளகாய்க்குள்ள போற வரைக்கும் இந்த நடைதான். கடைசியில அள்ளிக் குலுக்குனா கலகலன்னு சத்தம் கேக்கணும். கேக்கலன்னா உள்ள ஈரம் இருக்கு, பூஞ்சை பூத்துரும். சூரிய உலர்த்தின்னு ஏதோ வாங்கப் போறியாமே, வாங்கு. திண்டுக்கல் வெயிலுக்கு அது எதுக்குன்னுதான் எனக்கு வெளங்கல.

ஈரம் ஒழிஞ்சாத்தான் பண்டம் நிக்கும். பழனி மலையில கோவணத்தோட நிக்கிற ஆண்டிக்கே இது தெரிஞ்சிருக்கு. மலைவாழைப் பழம், சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, நெய், தேன், ஏலக்காய். பஞ்சாமிர்தத்துல சொட்டுத் தண்ணி சேக்குறதில்ல. பழத்துல இருக்குற ஈரத்தையும் சர்க்கரையும் தேனும் இழுத்துப் புடிச்சுக்கிட்டா பூஞ்சைக்குக் குடிக்கத் தண்ணி ஏது? 2019ல அதுக்குப் புவிசார் குறியீடும் குடுத்துட்டாங்க. அந்த மலைவாழைக்கே ஒரு காலத்துல முடிக்கொத்து நோய் வந்து தோட்டந்தோட்டமா வாரிட்டுப் போச்சு. ஒண்ணையே நம்பாம நாலு வகை நட்டிருக்க பாரு, அதுக்கு மட்டும் உன்ன மெச்சுறேன். முகத்துல வெளிச்சம் வருதே, போதும் போதும்.

ஊறுகாய்ச் சாடிக்குக் குரங்கைவிடப் பெரிய எதிரி உங்க வீட்டுலயே இருக்கு. ராத்திரி பழைய சோத்துக்கு ஈரக்கைய விட்டு ரெண்டு துண்டு எடுப்பான் பாரு, அவன்தான். மேல நல்லெண்ண மெதக்க நிக்கணும், கரண்டி காஞ்சிருக்கணும், சாடி இருக்குற ரூம்புக்குத் திண்டுக்கல் பூட்டு ஒண்ணு தொங்கணும். அந்தப் பூட்டுக்கும் புவிசார் குறியீடு இருக்கு, காசு வீணாகாது. சாவிய மட்டும் அப்பத்தாகிட்டக் குடு. அது உனக்கே தராது.

இன்னும் ஒண்ணு. எல்லா மரத்தையும் சித்திரையில காய்க்கிறதாவே வச்சுப்புடாத. நார்த்தை, சுண்டை, களான்னு மாசத்துக்கு ஒண்ணு கைக்கு வர்ற மாதிரி பிரிச்சு வையி. சுண்டக்காயத் தட்டி மோர்ல போட, வீட்டுல சும்மா உக்காந்து அடுத்தவனுக்குப் புத்தி சொல்ற கெழவன் ஒருத்தன் இருந்தாப் போதும், சோறு மட்டும் போட்டுரு.

புளிக்கொட்டை எடுக்க இப்ப ஆளு கெடைக்கிறதில்ல. கெடைச்சாலும் கூலி குடுத்துக் கட்டாது. பங்குனி பொறந்ததும் நீயே வா, ஒக்காந்து சொல்லித் தர்றேன். அரிவாமணை உன்னுது கொண்டு வா. என்னுத எரவல் குடுத்தா திரும்பி வர்றதில்ல.